மடத்து முற்றத்தில் சொன்ன ஆமென்

அன்புத் தம்பி றேமன்ட் சுவாமிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. உமது முழங்கால் நோவு இறங்கியிருக்க மன்றாடுகிறேன். நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

சனிக்கிழமை மடத்து முற்றத்தில் இருந்தவர்கள்: நான், மகள் டிலக்ஷி, பேத்தி எலேனா, சம்பந்தி றெஜினா, மேல்வீட்டுப் பாலேந்திரன். மருமகன் றெக்சன் எங்களோடு இருக்கவில்லை. கலகக்காரரோடு நின்றான்.

கேளும். பல நூறு வருசத்துக்கு முந்தி, நாங்கள் வந்து குடியிருக்கும் இந்த வெள்ளைக்கார ஊரின் சனம் இங்கத்தைத் துறவிமடத்துக்கு அடிமை மாதிரி. மா அரைப்பதென்றால் மடத்து ஆலையில், ஆற்றில் மீன் பிடிப்பதென்றால் மடத்தைக் கேட்டு. பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மடத்துக் கதவை உடைத்துவிட்டார்கள். மடாதிபதி முழு ஊரையும் சபித்துத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். அதை வருசாவருசம் மடத்து முற்றத்தில் நாடகமாகப் போடுகிறார்கள். இந்த முறை றெக்சன் கையில் மரக்குற்றியைக் கொடுத்து முன்னுக்கு விட்டார்கள். ஒரு அட்டைக் கதவுக்கு அந்த இடி இடிக்க வேணுமோ. மடாதிபதியாக வந்தது வேறு ஆளில்லை, இப்போதைய மடத்துப் பெரிய சுவாமியேதான், அபிஷேகம் பெற்ற கை. மணி அடித்தது, மெழுகுதிரியை நிலத்தில் குத்தி அணைத்தார், இலத்தீனில் நீளமாய் வாசித்து, சின்னனில் நாங்கள் பூசையில் கேட்ட அதே இழுவையில் முடித்தார். றெஜினா எழும்பி "ஆமென்" என்றா. பழக்கதோசம், நானும் சொன்னேன், டிலக்ஷியும் சொன்னாள். பாலேந்திரன் சைவக்காரர், அவரும் சொன்னார். முற்றமே திரும்பிப் பார்த்தது.

"அம்மம்மா, அவர் ஊர்ச்சனத்தையெல்லோ சபிச்சவர். நீங்கள் அப்பாவின்ர சாபத்துக்கு ஆமென் சொல்லிப்போட்டியள்," என்றாள் எலேனா.

வாற ஞாயிறு அதே சுவாமியின் கையால் அவள் முதன்முதலாய் நற்கருணை வாங்கும் முதல் நன்மை. புறம்பாக்கப்பட்ட தகப்பன் பிள்ளையோடு பீடத்தடிக்குப் போகலாமோ? றெக்சனைக் கேட்டால், "மாமி, அது நடிப்பு," என்று சிரிக்கிறான். சுவாமிமாரின் வாய் நடிக்குமோ? அடுத்தநாள் அவனுக்குக் காய்ச்சல். "மழையில நனைஞ்சவர் அம்மா," என்கிறாள் டிலக்ஷி. எல்லாரும்தான் நனைந்தோம், வேறு ஒருத்தருக்கும் காய்ச்சல் காயவில்லையே. சொன்ன ஆமெனைத் திருப்பி எடுக்க ஏதும் செபம் இருந்தால் ஞாயிறுக்கு முதல் அறிவியும்.

மடுமாதா உம்மையும் உமது பங்குச் சனத்தையும் தன் சேலைக்குள் வைத்திருக்கட்டும்.

பயந்திருக்கும் அக்கா,
மாகிறேற்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பெரிய சுவாமி வீட்டுக்கே வந்துவிட்டார். றெக்சன் போய் என் பயத்தைச் சொல்லியிருக்கிறான். சாபம் நாடகத்தோடு முடிந்ததாம், தகப்பனே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். செபம் தேட வேண்டாம். எங்கள் ஆமெனால்தான் நாடகத்துக்கு உயிர் வந்ததாம். வாற வருசம் அதை முதலில் சொன்ன ஆளுக்கு மேடையில் இடமும் பட்டுடுப்பும் உண்டாம். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போன நேரம் பார்த்து, அது தான்தான் என்று ஒருத்தி சொல்லிவிட்டா. முதலில் எழும்பியது நான், தம்பி. மேலே எழுதியதை வெட்டிவிடும். றெஜினாவை நான் மன்னிக்கமாட்டேன்.