மாமியார் வட்டமும் இருபத்தாறு கால்குலேட்டர்களும்

இந்த வருடம் மாமியாரின் பிறந்தநாள் வட்டத்தில் உட்காருவதில்லை என்று வுப்போ செப்டம்பர் மாதமே சபதம் போட்டுவிட்டார். தலையே போனாலும் சரி. பத்தொன்பது வருடம் உட்கார்ந்தாயிற்று. ஒரு மனிதனுக்கு அது போதாதா?

உட்காருவது என்றால் சும்மா உட்காருவதா? மாமியார் வீட்டுக் கூடத்துச் சாமான்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஆறு மணிக்குத்தான் விடுதலை. நடுவில் கால் நீட்ட எழுந்தால்கூட வேறொருவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். ஒரு காப்பி, ஒரு துண்டு ஆப்பிள் கேக், வெகுநேரம் கழித்துக் குச்சியில் குத்திய சீஸ். வருகிறவர் ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து எல்லோர் கையையும் குலுக்கி, ஊர் வழக்கப்படி வீட்டாரையெல்லாம் வாழ்த்துவார். "வாழ்த்துகள் வுப்போ, உங்க மாமியாருக்குப் பொறந்தநாள்!" அவங்க பொறந்ததுக்கு எனக்கு எதுக்குய்யா வாழ்த்து, நானா பெத்தேன் என்று ஒவ்வொரு வருடமும் கேட்க நினைப்பார். கேட்டதில்லை. "நன்றி, நன்றி" என்றுதான் வாயில் வரும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வருடம் நடந்ததை எப்படிப் பொறுப்பது? மாமியார் அலைடா அம்மாள், நாற்பது வருடம் தபால் நிலையத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டெவென்டர் ஊரையே வரிசையில் நிற்க வைத்தவர். அதே குரலில் வட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எங்க மாப்பிள்ளை இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க கால்குலேட்டரை வெச்சுத்தான் விளையாடிக்கிட்டிருக்காரு. வயசு அம்பத்திரண்டு!"

வட்டம் சிரித்தது. வுப்போ சீஸைக் குச்சியோடு சேர்த்துக் கடித்தார்.

விளையாட்டாம்! பகலில் அவர் நீர்வாரியத்தில் கரைக் கண்காணிப்பாளர். அவர் தூங்கிவிட்டால் பாதி ஊர் மிதக்கும். மாலையில், கணக்கு வகுப்பில் கோடும் வளைவும் வரைந்து காட்டுகிற அந்தக் கால்குலேட்டருக்குள் நிரல் எழுதுவார். ஒரு சினிமாப் பாட்டுக்குக்கூட இடம் போதாத நினைவகத்தில் ஒரு நகரத்தையே கட்டியவர் அவர். அந்த அருமை தெரிந்தவர்கள் அவரையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரும் ஒரு கழகம். மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம். நிகழ்ச்சி நிரல் உண்டு, நடவடிக்கைக் குறிப்பு உண்டு, விதிகள் நாற்பத்தொன்று உண்டு.

அந்தக் கழகத்தை வைத்துத்தான் வுப்போ தப்பிக்கத் திட்டம் போட்டார். எட்டுப் பேரும் சேர்ந்து எழுதுகிற ஒரு பெரிய விளையாட்டு. பெயர் 'மதகு'. ஒவ்வொரு கால்குலேட்டரிலும் ஒரு கிராமம். எல்லாக் கால்குலேட்டரையும் கம்பி போட்டு இணைத்துவிட வேண்டும். உன் மதகைத் திறந்தால் உன் ஊர் வெள்ளம் வலது பக்கத்து ஆளின் ஊருக்குள் போகும். கடைசி ஆளின் தண்ணீர் சுற்றி முதல் ஆளுக்கே வரும். முதல் சோதனை, நவம்பர் பதினான்கு. கழகம் ஓட்டுப் போட்டு நாள் குறித்துவிட்டால் அப்புறம் அரசரே வந்து கேட்டாலும் மாறாது. அன்றுதான் மாமியாருக்கு எண்பது வயது என்றால் அது தற்செயல்.

கச்சிதமான திட்டம். ஆனால் வுப்போ ஒழுங்கான மனிதர். தேதி என்று ஒன்று மனதில் வந்தால் காலண்டரில் எழுதாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பிறந்தநாள் காலண்டர் எல்லார் வீட்டையும்போல அவர் வீட்டிலும் கழிவறைக் கதவின் உள்பக்கம் தொங்கியது. 'அம்மா, 80' என்று மனைவி யான்டினா எழுதியிருந்ததற்குப் பக்கத்திலேயே பென்சிலால் 'மதகு, முதல் சோதனை' என்று எழுதிவிட்டு, கை கழுவிக்கொண்டு திருப்தியாக வெளியே வந்தார்.

அன்று சாயங்காலமே யான்டினா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்.

"வுப்போ, மதகுன்னா என்ன?"

வுப்போ ஒரு உருளைக்கிழங்கை எடுத்து மேசையில் உருட்டினார்.

"அது... கழகத்து வேலை."

"பதினாலாந்தேதியா?"

"நான் என்ன பண்றது? கழகம் போட்ட தேதி. எட்டுப் பேர் கூடி எடுத்த முடிவு."

"எப்ப எடுத்தீங்க?"

"வர்ற சனிக்கிழமை எடுப்போம்."

"ஓ, இனிமேத்தான் எடுக்கணுமா?"

"எடுப்போம். அதுல என்ன சந்தேகம்?"

"அம்மாவுக்கு எம்பது வயசு, வுப்போ."

"எனக்குத் தெரியாதா? தினம் காலையில அதைப் பாத்துக்கிட்டுத்தானே உக்கார்றேன்!"

யான்டினா கத்தியைக் கீழே வைத்தாள். வுப்போ தயாரானார். எதிர்வாதங்கள் ஏழு, வரிசையாகக் கைவசம் இருந்தன.

"சனிக்கிழமைக் கூட்டம் நம்ம வீட்லதானே?" என்றாள் அவள். "எத்தனை பேருக்குக் காப்பி?"

அவ்வளவுதான். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வசனங்கள் அத்தனையும் பாழ். சண்டை போடாததற்காக அவள்மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை எட்டுப் பேரும் கூடினார்கள். யான்டினா ஆளுக்கொரு காப்பி கொடுத்து, டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு பிஸ்கட் நீட்டி, டப்பாவை மூடிக்கொண்டு போனாள்.

வுப்போதான் தலைவர் நாற்காலியில். திட்டத்தை அவர் விளக்கினார். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். பிறகு பெயரில் ஆரம்பித்தது. 'மதகு' வேண்டாம், 'வெள்ளம்' என்று வை. 'வெள்ளம்' பயமுறுத்துகிறது, 'ஈரம்' என்று வை. நாற்பது நிமிடம்! ஒரு வரி நிரல் எழுதவில்லை, பெயருக்கு நாற்பது நிமிடம். கடைசியில் 'மதகு' என்றே வைப்பதாக ஓட்டெடுப்பில் முடிவானது.

"முகப்புப் படம் யார் வரையறீங்க?" என்று கேட்டார் வுப்போ. ஆறு கைகள் உயர்ந்தன.

"கால்குலேட்டருக்குக் கால்குலேட்டர் சேதி அனுப்பற பகுதி?"

எல்லோரும் காலிக் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

"இதுக்குப் பேரு கூட்டு முயற்சியா?" என்று வெடித்தார் வுப்போ. "எல்லாருக்கும் முகம்தான் வேணும், கை கால் யாருக்கும் வேண்டாமா?"

கழகத்தின் செயலாளர் ஃபோல்கெர்ட், பியானோ பழுது பார்ப்பவர், அந்த அவமானத்தில் சேதிப் பகுதியை ஏற்றுக்கொண்டார். இணைப்புப் பெட்டிகளையும் தானே செய்து தருவதாகச் சொன்னார். பிழை தேடுகிற வேலையைக் கணக்கு டீச்சர் மீர்த்தே எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட கையோடு ஒரு கல்லையும் தூக்கிப் போட்டாள்.

"எட்டுப் பேர் ஆடினா பிழையே வெளிய தெரியாது. குறைஞ்சது இருபத்தஞ்சு பேராவது வேணும். கால்குலேட்டர் நான் பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்கிடுவேன். ஆளுக்கு எங்க போறது?"

"உங்க மாணவர்கள்?" என்றார் ஃபோல்கெர்ட்.

"என் பசங்களா? பத்து நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டாங்க. கம்பி அரை மீட்டர்தான். ஒருத்தர் எழுந்தாலும் கம்பி கழண்டு மொத்த ஆட்டமும் நின்னுடும். நாலு மணி நேரம் அசையாம இருக்கணும்."

"தேவாலயத்துல கேட்டுப் பாக்கலாமே?"

"அங்க வரிசை வரிசையா இருப்பாங்க. நமக்கு வட்டம் வேணும்."

"அப்ப சோதனையை வசந்தத்துக்குத் தள்ளி வெச்சிடலாம்" என்றார் ஃபோல்கெர்ட்.

வுப்போ மேசையில் குத்தினார். கோப்பைகள் குதித்தன.

"தள்ளி வெக்கறதா? இப்படித் தள்ளித் தள்ளித்தானே போன தடவை சதுரங்கத் திட்டம் செத்துப் போச்சு! தேதின்னா தேதிதான். ஆளை நான் கொண்டு வர்றேன். நவம்பர் பதினாலு, எந்தக் காரணத்தைக் கொண்டும் மாத்தக் கூடாது. இது என் தீர்மானம். கை தூக்குங்க!"

அவரை அவ்வளவு ஆவேசமாக யாரும் பார்த்ததில்லை. பயத்தில் மற்ற ஏழு கையும் உயர்ந்தன.

"குறிப்புல எழுதுங்க ஃபோல்கெர்ட். 'எந்தக் காரணத்தைக் கொண்டும்.' அடிக்கோடு போடுங்க."

ஃபோல்கெர்ட் இரண்டு கோடு போட்டார். வுப்போ சாய்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக நவம்பர் மாதம் அவருக்கு அழகாகத் தெரிந்தது.

கடைசியாகச் சுற்றுக் கேள்வி. கூட்டம் முடியும்முன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போவார்கள், வேறு ஏதாவது உண்டா என்று. எல்லோரும் இல்லை, இல்லை என்றார்கள். இரண்டாவது காப்பியோடு யான்டினா ஃபோல்கெர்ட்டின் அருகில் நின்றிருந்தாள்.

"உங்களுக்கு ஏதாவது உண்டாம்மா?" என்றார் ஃபோல்கெர்ட்.

"அவ உறுப்பினர் இல்லையே!" என்றார் வுப்போ.

"சுற்றுக் கேள்விக்கு அறையில இருந்தாப் போதும், பதினேழாவது விதி. போன மாசம் நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?"

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றாள் யான்டினா. "பதினாலாந்தேதி எங்கம்மாவுக்கு எம்பது. அவங்க வீட்ல மொத்தம் இருபத்தாறு பேர் இருப்பாங்க. ரெண்டு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும் வட்டமா உக்காந்திருப்பாங்க. யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, எழுந்தா நாற்காலி போயிடும். தோளோட தோள் இடிக்கிற மாதிரி உக்காருவாங்க, அரை மீட்டர் தாராளம். பேசறதுக்கும் அவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. உங்களுக்கு உபயோகப்படுமா?"

மீர்த்தே எழுந்து யான்டினாவைக் கட்டிக்கொண்டாள். மற்றவர்கள் கை தட்டினார்கள்.

"இருங்க, இருங்க" என்றார் வுப்போ. "நிதானமா யோசிச்சா... வசந்தத்துல நல்ல வெயில் இருக்கும்..."

ஃபோல்கெர்ட் குறிப்புப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கோடு. 'எந்தக் காரணத்தைக் கொண்டும்.'

"ஆளையும் நீங்க கொண்டு வர்றதாத்தான் சொன்னீங்க" என்றார் அவர். "வீட்டுக்குள்ளேயே ஏற்பாடு பண்ணி வெச்சுட்டு எங்களைத் தவிக்க விட்டீங்களே! கெட்டிக்காரர்."

எல்லோரும் போன பிறகு வுப்போ சமையலறை வாசலில் நின்று குமுறினார்.

"இது துரோகம், யான்டினா."

"எது?"

"கழகத்தை... என் கழகத்தை எனக்கு எதிராவே..."

"நான் ஒரு கேள்விதானே கேட்டேன்? தேதி போட்டது நீ. கோடு போடச் சொன்னதும் நீ. இந்தா, பிஸ்கட் ஒண்ணு மீந்திருக்கு."

கோபத்தோடு அதைத் தின்றார்.

நவம்பர் பதினான்கு வந்தது. மாமியார் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வுப்போவின் கையைக் குலுக்கி அவர் மாமியாருக்காக அவரை வாழ்த்தினார்கள். கழகத்தார் ஏழு பேர் வட்டத்துக்கு வெளியே குறிப்பேட்டோடு நின்றார்கள். திட்டத் தலைவர் என்பதால் வுப்போ மட்டும் வட்டத்துக்குள் உட்கார வேண்டியதாயிற்று. இடது பக்கம் அலைடா அம்மாள். அவரது கால்குலேட்டரிலிருந்து அரை மீட்டர்க் கம்பி நேராக வுப்போவின் மடிக்கு வந்தது.

"இந்தப் பொத்தானை அமுக்கினா என்ன ஆகும், மாப்பிள்ளை?"

"உங்க ஊர்த் தண்ணி எல்லாம் என் ஊருக்குள்ள வரும் அத்தை. ஆனா அதை அவசரத்துக்குத்தான்..."

அலைடா அம்மாள் அமுக்கினார். வுப்போவின் கிராமம் முழுகியது. வட்டம் ஆரவாரித்தது. கரைக் கண்காணிப்பாளர், கரை காக்கிற ஆட்டத்தை எழுதியவர், ஆறு மணிக்குள் பன்னிரண்டு முறை முழுகினார். நான்கு மணிக்கு ஒருதரம் கால் மரத்துப் போய் அரையடி எழுந்தார். "உக்காருங்க!" என்று மொத்த வட்டமும் கூவியது. ஒரு பிழை இல்லை, ஒரு கம்பி கழலவில்லை. எழுதிய நிரலை நினைத்து நெஞ்சு விம்மியது. எழுதியவர் கதியை நினைத்து வயிறு எரிந்தது.

"இது விளையாட்டே இல்ல மாப்பிள்ளை, இதுல மூளை வேணும்" என்றார் அலைடா அம்மாள், பன்னிரண்டாவது முறை அமுக்கியபடி. இதைக் கேட்கத்தானே அவர் பத்தொன்பது வருடம் ஏங்கினார்? இப்போது கேட்டும் இனிக்கவில்லை.

ஆறு மணிக்கு ஃபோல்கெர்ட் தொண்டையைக் கனைத்தார். அலைடா அம்மாள் கழகத்தில் சேர விரும்புகிறாராம். சேர்த்தாயிற்று. அதோடு, இருபத்தாறு பேரை நாலு மணி நேரம் நாற்காலியைவிட்டு எழ விடாத ஒருவர் கிடைத்திருக்கும்போது வேறு தலைவர் எதற்கு என்று ஒரு தீர்மானம். ஏழு கைகள் உயர்ந்தன. வுப்போ எதிர்த்துத் தூக்கப் பார்த்த கை கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது யான்டினா டைரியைப் பிரித்தாள்.

"ஒவ்வொரு மாசமும் முதல் சனிக்கிழமை அம்மாவைக் கூட்டத்துக்கு நீயே கூட்டிக்கிட்டுப் போயிடு, வுப்போ. உன்னை மத்தியானச் சாப்பாட்டுக்கே அவங்க வீட்டுக்கு வந்துடச் சொன்னாங்க."