முகவரி மாறாதவர்களுக்கான முகவரி மாற்றம்

முகவரிப் பதிவு அலுவலகத்தில் மனிதக் கண்ணை நம்புவது பழைய மோஸ்தராகிவிட்டது. எதுவானாலும் தானியங்கிச் சோதனை பார்த்து, திரையில் பச்சை விளக்கைக் காட்டினால்தான் உண்மை. முகவரி மாற்றச் சேவையை மக்களுக்குத் திறக்க வேண்டிய நேரத்தில் சோதனை சிவப்பிலேயே அடம்பிடித்து நின்றது.

அந்தச் சேவைக்கு நிரல் எழுதுபவளுக்குத்தான் அவசரம் அதிகம். அவளே சமீபத்தில் வீடு மாறியவள். சேவை திறந்தால்தான் மகளின் பள்ளிச் சேர்க்கைக் கடிதம் புது வீட்டுக்கு வரும்.

தோண்டித் துருவியதில் குட்டு வெளிப்பட்டது. சோதனை முதலில் பழைய முகவரியைப் பிரதியெடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு தரவுத்தளத்தில் முகவரியை மாற்றுகிறது. அது ஒழுங்காகவே மாறுகிறது. ஆனால் சோதனை தரவுத்தளத்தைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை. கையிலிருக்கும் பழைய பிரதியை முறைத்துவிட்டு, ‘மாறவில்லை’ என்று அறிக்கை தருகிறது.

உயரதிகாரியிடம் ஓடினாள். “சார், சேவையில தப்பே இல்ல. சோதனைதான் பழசையே பாத்துட்டு இருக்கு. மறுபடி படிக்கச் சொல்லி ஒரு வரி சேத்தா போதும்.”

“சோதனையில கை வைக்கிறதா? அது உயர்மட்டக் குழு ஒப்புதல் கொடுத்ததும்மா.”

“அது தப்பா சொல்லுதே சார்.”

“தப்பா சொல்றதுக்கும் சேத்துத்தான் ஒப்புதல். சரி, அந்தப் பழைய பிரதியில என்ன இருந்தா பச்சை காட்டும்?”

“புது முகவரி இருந்தா.”

“அப்ப, பதிவுல ஏற்கெனவே புது முகவரி இருக்கிறவங்களுக்கு மட்டும் மாத்திக் கொடுப்போம்.”

அவள் இருக்கைக்குத் திரும்பினாள். முதலில் திறக்கட்டும், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று அந்த நிபந்தனையைச் சேவையின் நிரலில் தன் கையாலேயே எழுதினாள்.

விளக்கு பச்சையானது. அலுவலகமே எழுந்து கைதட்டியது, அவளும் தட்டினாள். ‘முகவரி மாறாத பொதுமக்கள் அனைவரும் எவ்விதச் சிரமமுமின்றித் தங்கள் முகவரியை மாற்றிக்கொள்ளலாம்’ என்று அறிவிப்பு வெளியானது. மக்களும் சளைத்தவர்களா என்ன. பிறந்த வீட்டைவிட்டு நகராதவர்கள்கூட விண்ணப்பித்து, பச்சைக் குறியைப் படம்பிடித்து உறவுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

அன்று மாலை அவள் கணவர் விண்ணப்பித்தார். ‘தங்கள் முகவரி மாறியிருப்பதால் மாற்ற இயலாது’ என்று பதில் வந்தது.

“எந்தப் புண்ணியவான் எழுதினான் இத?”

அவள் அந்தப் பதிலை மறுபடி படித்தாள். “ஏங்க, பேசாம பழைய வீட்டுக்கே போயிடலாமா? அங்க போனா பச்சை காட்டும்” என்றாள்.

கணவர் சிரிக்கவில்லை. பரணில் ஏற்றிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்.