நேமிநாதன் நிறுத்திய படம்

அந்தப் படத்தின் கடைசிக் காட்சியை எடுக்க விடுவதில்லை என்று நேமிநாதன் பல் தேய்க்கும்போதே தீர்மானித்துவிட்டார். செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட வந்தவர்கள்கூட அவ்வளவு உறுதியோடு வாய் கொப்பளித்திருக்க மாட்டார்கள்.

படம் எடுப்பது அவருடைய மகள் மதுமிதா. கம்பெனி கிடையாது, தயாரிப்பாளர் கிடையாது. சென்னையிலிருந்து சிநேகிதர்களைக் கூட்டிவந்து அப்பா வீட்டையே ஸ்டூடியோ ஆக்கிவிட்டாள். கதை எழுதுவது, நடிப்பது, மத்தியானம் எல்லோருக்கும் மோர் கலக்குவது எல்லாம் அவளே. கூட நடிப்பது கீர்த்தனா. காதல் கதை, சிரிப்பாக இருக்கும் என்று மகள் சொன்னபோது நேமிநாதன் சந்தோஷமாகத் தலையாட்டினார். கதாநாயகன் இன்றைக்கு வருவான், நாளைக்கு வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தெரிந்தது, அவன் வரப்போவதே இல்லை. காதலிப்பது அந்த இரண்டு பெண்களும்தான்.

தன் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தார். மேல்சித்தாமூர் ஜைனக் கோயில் தேருக்குப் போனால் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அது வெளியில் சொல்லக்கூடிய பயம். சொல்ல முடியாதது ஒன்றும் இருந்தது. இது வெறும் கதைதானா என்று மகளைக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

கடைசிக் காட்சியில், விஷயம் தெரிந்துபோன அப்பா அந்த இரண்டு பெண்களோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த வேஷத்துக்கு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஆதிமூலம் வருவதாக மனைவி நீலாஞ்சனா சொல்லியிருந்தாள். வாடகைக் கேமரா மறுநாள் காலையில் ஊர் திரும்பவேண்டும். இன்றைக்கு அப்பா இல்லையென்றால் காட்சி இல்லை, காட்சி இல்லையென்றால் படம் இல்லை.

நேமிநாதன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆதிமூலத்தின் ஊரான சிங்கவரம் போனார். ஷூட்டிங் நாளைக்குத் தள்ளிப்போய்விட்டது, இன்றைக்கு வரவேண்டாம் என்று ஆதிமூலத்திடம் சொன்னார். அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். சதி செய்வது இவ்வளவு சுலபம் என்று முன்பே தெரியாமல் போயிற்றே என்று நேமிநாதன் வழியெல்லாம் வருத்தப்பட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நீலாஞ்சனா எதிரில் வந்தாள்.

"ஆதிமூலம் வரலைங்க."

"அடப்பாவமே. இன்னாவாம்?"

"யாருக்குத் தெரியும்? படம் அவ்ளோதான்னு பொண்ணு மாடியில உக்காந்துக்கினு இருக்குது. கூடம் பூரா ஒயரா கெடக்குது, உங்களுக்கும் மேலயே எல போட்டுட்டேன். போங்க, பொழுது எறங்குது."

பொழுது சாய்ந்தபின் அந்த ஜைன வீட்டில் யாரும் ஒரு பருக்கை தொடமாட்டார்கள். நீலாஞ்சனா அதில் ரொம்பக் கறார். செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் இலையை எடுத்துவிடுவாள். மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் வெயில் இருக்கிறது என்று நேமிநாதன் எவ்வளவோ வாதாடிப் பார்த்திருக்கிறார். அப்படியானால் அந்தப் பக்கம் போய்ச் சாப்பிடுங்கள் என்பாள்.

மாடிக்கு ஓடினார். மலை உச்சிக்கு மேல் இரண்டு விரல்கடை உயரத்தில் சூரியன் நின்றது. ஓரத்தில் கேமரா, அதன் பக்கத்தில் கேமராக்காரன் குரு. வேலை இல்லாத கேமரா, வேலை இல்லாத பையன் என்று நினைத்துக்கொண்டு அவர் சோற்றைப் பிசைந்தார். எதிரில் மதுமிதா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கீர்த்தனா இலையைத் தொடவில்லை. ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவதாகச் சொன்னாள்.

நேமிநாதன் எதை வேண்டுமானாலும் தாங்குவார், பொழுது போகிற நேரத்தில் ஒருத்தர் பட்டினியாக உட்கார்ந்திருப்பதைத் தாங்கமாட்டார்.

"இன்னாம்மா நீ, எலையப் போட்டுக்கினு மலையப் பாத்துக்கினு இருக்கிற? இப்ப வுட்டா காலையிலதான்." வாழைக்காய் வறுவலை அவரே அள்ளி வைத்தார். "பஸ்ஸு எங்கயும் ஓடிடாது. இதுவும் உன் வூடுதான். மது பக்கத்துல உக்காந்து ரெண்டு பேரும் ஒண்ணா சாப்டுங்க. வயிறு காஞ்சி யாரும் என் வூட்டுல இருந்து போவக்கூடாது."

கீர்த்தனா நகர்ந்து உட்கார்ந்தாள். சூரியன் மறைந்தது. "கட்," என்றான் குரு.

நேமிநாதனுக்குப் புரிய ஒரு வாய்ச் சோறு விழுங்கும் நேரம் பிடித்தது. அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மாடிப் புறாக்கள் எழும்பின. மதுமிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நைனா வேண்டாமென்றால் இப்போதே அழித்துவிடுகிறோம், முதலில் ஒருதரம் பாருங்கள் என்றாள்.

பார்த்தார். இலையையே கவனித்துக்கொண்டிருந்ததில் பார்க்காமல் விட்டது இப்போது கேமராவின் சின்னத் திரையில் தெரிந்தது. அவர் வறுவல் வைக்கும்போது மதுமிதா கீர்த்தனாவைப் பார்த்த பார்வை. மறுபடி ஒருதரம் ஓட்டிக்காட்டச் சொன்னார்.

"இதுல எது நடிப்பு?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"எதுவும் இல்லீங்க."

மதுமிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேமிநாதன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நல்ல சட்டையா போட்டுக்கினு வந்திருப்பேன்ல," என்றார்.

மதுமிதா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அன்றைக்குக் கீர்த்தனா பஸ் ஏறவில்லை.

காலையில் நேமிநாதன் குற்ற உணர்ச்சியோடு மறுபடி சிங்கவரம் போனார். அந்தக் காட்சியை எடுத்தாகிவிட்டது, உன் வேஷம் போய்விட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்று ஆதிமூலத்திடம் சொன்னார்.

"எனக்கு எங்கங்க அப்பா வேஷம்?" என்றார் ஆதிமூலம். "பஸ்ல விசில் ஊதுற வேஷம்தான், அது போன வாரமே முடிஞ்சிடுச்சி. எங்க வூட்டு நயினார் வந்து எதுனா சொல்லுவாரு, தலைய மட்டும் ஆட்டிடுன்னு உங்க வூட்டம்மா சொன்னாங்க. சரியா ஆட்டினேனுங்களா?"