ஓமம் போட்டது யாருக்குத் தெரியும்?

படத்தில் இருந்தது பவானியின் முறுக்கு. தட்டும் அவளுடையதுதான், ஓரம் நசுங்கின எவர்சில்வர் தட்டு. படத்துக்கு மேலே இருந்த பெயர் மட்டும் வேறு.

'அன்னம் வீட்டுப் பலகாரம், விழுப்புரம்.'

போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தட்டு மாறவில்லை.

"ஏங்க, இத வந்து பாருங்க."

கணவன் பாண்டுரங்கன் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தான். திண்டிவனம் விழுப்புரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். எதையும் நின்றுகொண்டே பார்த்துப் பழகியவன்.

"நம்ம தட்டு மாதிரியே கீதே."

"மாதிரி இல்ல. நம்ம தட்டேதான். போன மாசம் என் பேஜ்ல நான் போட்ட போட்டோ. திருடிட்டாங்க."

"எத்தினி லைக்கு?"

"எதுல?"

"அவங்களுதுல."

"நானூத்திப் பன்னெண்டு."

"நம்மளுதுல?"

பவானி போனைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது. அதில் ஒன்று அவளே போட்டது.

'பவானி முறுக்கு, திண்டிவனம்' என்று ஃபேஸ்புக்கில் பக்கம் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்காகத்தான் புது போன் வாங்கினாள், நர்சரி பள்ளியில் ஆயா வேலையை விட்டாள். "தீபாவளிக்குள்ள மேம்பாலத்தாண்ட என் பேர் போட்ட போர்டு தொங்கும்" என்று நாத்தனார் லட்சுமியிடம் சொல்லியும் விட்டாள். நாத்தனார் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். அதுதான் உறுத்தியது.

பக்கத்தைப் பார்த்து இதுவரை யாரும் முறுக்கு கேட்கவில்லை. குவைத்திலிருந்து ஒருவர் மட்டும் தினமும் "சாப்டாச்சா" என்று கேட்டார்.

அடுப்பு எரிந்தது மொத்தமாக வாங்கிப் போகும் முருகையனால். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டிவிஎஸ் வண்டியில் வருவார். முப்பது கிலோவை மூட்டையில் கட்டி எடுத்துப் போவார். மூட்டைக்குப் பெயர் கிடையாது. பவானிக்குப் பெயர்தான் வேண்டியிருந்தது.

படத்துக்குக் கீழே எழுதினாள்: 'இது என் போட்டோ. மரியாதையாக எடுத்துவிடவும்.'

ஐந்து நிமிடத்தில் அவளை பிளாக் செய்துவிட்டார்கள், அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாமல் போனது. பாண்டுரங்கன் போனிலிருந்து எழுதினாள். அவனுக்கும் தெரியாமல் போனது. கடைசியில் 'ரோஜாப்பூ விழுப்புரம்' என்று ஒரு பொய்க் கணக்கு தொடங்கி, எதுவும் எழுதாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. 'அருமை.' 'இன்னும் ரெண்டு கிலோ அனுப்புங்க.' 'எங்க வீட்டு விசேஷத்துக்கு இதுதான்.'

"எல்லாம் காசு குடுத்து எழுத வெச்சது" என்றாள். "சரக்க வாங்கிப் பாத்துடலாம். உங்க டிரைவர்கிட்ட சொல்லுங்க."

பஸ் டிரைவர் செல்வகுமார் தன் பெயரில் ஆர்டர் கொடுத்தார். மறுநாளே பாக்கெட் வந்தது. மேலே பளபளவென்று 'அன்னம்' லேபிள்.

பவானி ஒன்றை உடைத்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"உப்பு தூக்கல். மாவு சலிக்கவே இல்ல. எண்ணெ பழசு. வெண்ணெயெல்லாம் கண்ணுலகூட காட்டல."

மாவு பிசைய வரும் பக்கத்துத் தெரு சித்ராவும் ஒன்றை எடுத்தாள். "பாக்க நம்மளுது மாதிரியே கீதுக்கா."

"அச்சு வாங்கினா யார் வேணா புழியலாம்டி. கைப்பக்குவம் எங்கேந்து வரும்?"

பாண்டுரங்கன் நாலாவது முறுக்கில் இருந்தான். "நல்லாத்தான் கீது."

"கீழ வைங்க அத."

வைத்தான். கால் பாகம் மீதி இருந்தது.

அன்றே முடிவெடுத்தாள். முறுக்கில் ஓமம் போட்டாள். எது அசல், எது நகல் என்று ஊருக்குத் தெரியட்டும். படம் எடுத்துப் போடவில்லை. முதலில் சரக்கு பேசட்டும் என்று இருந்தாள்.

ஆறாம் நாள் ரோஜாப்பூ விழுப்புரம் அந்தச் செய்தியைப் பார்த்தாள். 'அன்னம் முறுக்கு, இப்போது ஓமம் சேர்த்து! வயிற்றுக்கு இதம்.' அறுநூற்று எண்பது லைக்.

பவானி போனைக் கவிழ்த்து வைத்தாள். ஓமம் போட்டது இந்த வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"சித்ரா, ஓமம் வாங்கியாந்தது யாரு?"

"நீங்கதானேக்கா அனுப்புனீங்க."

"கடையில இன்னான்னு சொல்லி வாங்குன?"

"ஓமம் குடுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னாக்கா, குடுத்தான்."

"வேற யார்கிட்ட சொன்ன?"

"ஓமம் வாங்குனத மைக் போட்டா சொல்லிக்கினு திரிவாங்க?"

கேள்விக்குக் கேள்வி பதிலாக வந்தது பவானிக்குப் பிடிக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாள். சித்ரா கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடக் கழுவாமல் போனாள்.

அடுத்து கறுப்பு எள். பவானியே கடைக்குப் போனாள். சந்தேகம் வராமல் இருக்க மிளகாயும் புளியும் சேர்த்து வாங்கினாள். ஜன்னலில் போர்வையைக் கட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பிழிந்தாள். சமையலறையில் மூச்சு முட்டியது.

வெள்ளிக்கிழமை முருகையன் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா, இருவது கூட தேறாது போலக்கீதே?"

"ஆளு இல்லண்ணே."

"இன்னும் பத்து கிலோ சேத்துக் கேக்கலாம்னு வந்தேன். இப்டி பண்ணா பேஜாரா பூடும்."

ஏன் ஆளில்லை என்று அவர் கேட்டார். பவானி சொல்லவில்லை. யாரிடமும் எதையும் சொல்வதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

அடுத்த வாரம் அன்னம் அறிவித்தாள்: 'கறுப்பு எள் ஸ்பெஷல்.' ஆயிரத்து நூறு லைக். கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: 'வாரா வாரம் ருசி கூடிக்கொண்டே போகிறது.'

சித்ரா இல்லை. போர்வை இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஆள். அந்த ஆள் தினமும் நாலு தடவை விழுப்புரம் போய் வருகிறான்.

மறுநாள் காலை பாண்டுரங்கனின் பஸ்ஸில் கடைசி வரிசையில் ஒரு பெண் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா போவணும்?"

"விழுப்புரம்."

குரலைக் கேட்டுக் குனிந்து பார்த்தான். "நீ இங்க இன்னா பண்ற?"

"டிக்கெட் குடுங்க."

"அடுப்ப வுட்டுட்டு இங்க இன்னாடி வேல உனக்கு?"

"டிக்கெட்டு."

கிழித்துக் கொடுத்தான். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தாள். அவன் டீ குடித்தான். கொட்டாவி விட்டான். செல்வகுமாரோடு சேர்ந்து தூணைப் பார்த்தான். அதே பஸ்ஸில் திரும்பினார்கள்.

இனி ஒரே வழிதான். பக்கத்தையே மூடவைக்க வேண்டும். பல பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் ஃபேஸ்புக்காரன் மூடிவிடுவான் என்று செல்வகுமார் சொன்னார்.

பவானி சொந்தக்காரர்களைக் கூப்பிட்டாள். பழைய பள்ளி டீச்சர்களைக் கூப்பிட்டாள். குவைத்துக்காரருக்கு முதல்முறையாகப் பதில் போட்டாள்: 'சாப்டாச்சு. ஒரு உதவி.' கடைசியாக நாத்தனாரையும் கூப்பிட்டாள்.

"செய்றேன் பவானி" என்றாள் லட்சுமி. "ஆமா, போர்டு எப்ப?"

"வரும்."

நாற்பத்து மூன்று பேர் புகார் கொடுத்தார்கள். தட்டு ஒரு படத்தில், அதே தட்டு இன்னொரு படத்தில், தேதியோடு. மூன்று நாள் பவானி சரியாகத் தூங்கவில்லை. திங்கட்கிழமை காலை போனைத் திறந்தாள்.

'இந்தப் பக்கம் தற்போது இல்லை.'

மூன்று தடவை பார்த்தாள். பிறகு கேசரி கிளறினாள். பாண்டுரங்கனுக்கு முதலில் வைத்தாள். முந்திரி எல்லாம் அவன் பக்கம் விழுந்தது.

"பஸ்ல வந்தத மனசுல வெச்சிக்காதீங்க."

"வெச்சிக்கல. டிக்கெட்டுக்குக் காசு குடுத்த மொத பொண்டாட்டி நீதான்னு ஸ்டாண்டுல பேசிக்கிறானுங்க."

சித்ரா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. அவள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். திட்டிக்கொண்டே மாவு பிசைய உட்கார்ந்தாள். ஜன்னல் போர்வையைக் கழற்றினார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் நாற்பது கிலோ பிழிந்து முடித்தார்கள். எல்லாம் எள் போட்டது.

செவ்வாய் காலை போர்டு எழுதுகிறவர் வந்து பெயரின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். டிவிஎஸ் சத்தம் கேட்டது. பவானி மூட்டைகளைத் தானே வாசலுக்கு இழுத்து வந்தாள்.

"அண்ணே, நாப்பது கிலோ ரெடி. எடுத்துக்குங்க!"

முருகையன் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"வாணாம்மா. நம்ம சரக்க லேபிள் ஒட்டி போன்லயே வித்துக்கினு இருந்துச்சே விழுப்புரத்து அம்மா, அது கடைய எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் கம்ப்ளெயிண்டு குடுத்து மூட வெச்சிட்டானாம்."