என் பெஞ்சுகளில் ஏன் யாரும் உட்காருவதில்லை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். நான் நலமில்லை. ஆனால் இது உறவுக்காரருக்கு எழுதும் கடிதமல்ல. சிறந்த பொது இடத்துக்கான விருதுக் குழுவின் செயலாளருக்கு எழுதுவது. ஆகவே சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

விருதிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள். நூலகத்துக்கு முன்னால் கிடந்த பொட்டலைச் சதுக்கமாக்க நான் வரைந்த திட்டம் உங்களுக்குத் தெரியும். நடுவில் நீரூற்று, அதைப் பார்த்தபடி வட்டமாகப் பெஞ்சுகள், முதுகெலும்பின் வளைவைப் படித்துச் செய்தவை. மேற்பார்வைக்கு வந்து வாய்த்த பொறியாளரோ, கண்ட இடத்திலெல்லாம் கலவை கொட்டுவதால் அலுவலகமே சிமெண்டு என்று அழைக்கும் அந்த ஆள். வாசலோரம் மின்சாரப் பெட்டியை ஒட்டி, நீளமாக ஒரு திண்டு கட்டிவிட்டான். "வரைபடத்துல இல்லாததை ஏன்யா கட்டுறே?" என்றேன். "மிச்சக் கலவை சார், வீணாப் போகுதேன்னுதான்" என்றான். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சில்லை.

உங்கள் நடுவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து, மக்களோடு மக்களாக இருந்து, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். எந்த நாள் என்பதை அக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதீர்கள். பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏன் என்பதுதான் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஆகவே என் மனைவியையும் சித்தப்பாவையும் சித்தியையும் பொதுமக்களாக அழைத்துப் போய்ப் பெஞ்சுகளில் உட்கார வைத்து, என்னைத் தெரியாதவர்கள் போல் இருக்கச் சொல்லிவிட்டு, மரத்தடியில் நின்றுகொண்டேன். உட்கார்ந்ததுதான் தாமதம், சித்தி ஆரம்பித்தார்.

"இஸ்திரிப் பெட்டியை அணைச்சீங்களா?"

"நீதானே கடைசியாத் தேய்ச்சே?"

"யார் சட்டையை? உங்க சட்டையைத்தானே!"

சித்தி கோபித்துக்கொண்டு எழுந்து போய் உட்கார்ந்த இடம் அந்தத் திண்டு. சமாதானம் செய்யச் சித்தப்பா போனார். வேடிக்கை பார்க்க என் மனைவி போனாள். ஏற்கெனவே அங்கே இருந்த தபால்காரரும் கல்லூரிப் பெண்களும் நகர்ந்து இடம் கொடுத்ததோடு நிற்காமல் ஆளுக்கொரு கட்சி சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், "பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்களேன்" என்று யோசனை சொன்னார். அவர்தான் உங்கள் நடுவர். சித்தி என் பக்கம் கையை நீட்டி, "அதோ நிக்கறானே, அவனை அனுப்பலாம். ஆனா அவனைத் தெரியாத மாதிரி இருக்கணுமாம்" என்றார். அத்தான், அங்கேயே பூமி பிளந்திருக்கலாம்.

இப்போது உங்கள் முடிவு வந்திருக்கிறது. 'முன்பின் தெரியாதவர்களும் அடுத்த வீட்டுச் சண்டையில் உரிமையோடு தலையிடும்படி அமைந்த இருக்கைக்காக' விருதாம். எனக்கும் சிமெண்டுக்கும் கூட்டாக! மிச்சக் கலவைக்கும் என் படிப்புக்கும் ஒரே மரியாதையா? அவன் ஏறும் மேடையில் நான் ஏற மாட்டேன். இது முடிவு.

அக்காவுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. குறைவில்லாமல், விருதுக் குழுக்களில்லாமல் நீங்கள் நீடு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கப் போகிற வழியில், என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று திண்டில் உட்கார்ந்தேன். பெஞ்சிலிருந்து பார்த்தால் நீரூற்று தெரியும். இங்கிருந்து பார்த்தால் வருகிறவர் போகிறவர் முகமெல்லாம் தெரிகிறது. தண்ணீரை எத்தனை நேரம்தான் பார்ப்பது! சிமெண்டு வந்தான். என்னையறியாமல் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டேன். "பெஞ்சு ஒண்ணும் மோசமில்ல சார்" என்றான். "பின்னே யாரும் உட்காரலியேய்யா?" என்றேன். "நீங்க உட்கார்ந்து பார்த்தீங்களா?" என்றான். பேச்சு அப்படியே நீண்டு, வெயில் இறங்கிவிட்டது. பெயரை நீக்க வேண்டாம். அவன் பெயர் முதலில் இருந்தாலும் பாதகமில்லை. என் பெயர் மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.