வெள்ளிக்கிழமை பொங்கிய மாவு

நல்ல பேர் வாங்க அலைகிறவனிடம் எந்த வேலையை வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆட்களுக்கு லீவு முறை போடும் வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. நான் அப்படி அலைந்தவன். (மெட்ரிகுலேஷன் பாஸ் வேறு. கேட்க வேண்டுமா!)

நிஜாம் ராஜ்யத்துத் திருமுல்கேரியில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ரொட்டி சுடும் பேக்கரி ஒன்றில் ஆட்களை மேற்பார்க்கும் உத்தியோகம் எனக்கு. வேலை நிரந்தரமானால் கல்யாணம். பெண்ணின் அப்பா நிஜாம் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, பஜனை கோஷ்டித் தலைவர், கள்ளுக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டார். "பையன் வேலை செய்யற எடத்த ஒரு தரம் பாத்துட்டுத்தான் வாக்கு குடுப்பேன்" என்று சொல்லிவிட்டார். பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்தாயிற்று. (அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதை இங்கே எழுதாவிட்டால் இன்று எனக்குச் சோறு கிடையாது.)

பேக்கரியில் இரண்டு கோஷ்டி. மாவு பிசைகிறவர்கள் அந்தோணியின் ஆட்கள். அவர்களுக்கு ஞாயிறு சர்ச்சுக்குப் போக வேண்டும். அடுப்பு பார்க்கிறவர்கள் காசிம் பாயின் ஆட்கள். நிஜாம் ராஜ்யத்தில் வெள்ளிதானே விடுமுறை, அவர்களுக்கு வெள்ளி வேண்டும். பட்டாளமோ தினமும் தின்கிறது. அதனால் ஆளுக்கொரு நாள் முறை வைத்து லீவு, எந்நேரமும் முணுமுணுப்பு.

இவ்வளவுதானா என்று ஒரே நாளில் தீர்த்து வைத்தேன். அந்தோணி கோஷ்டிக்கு ஞாயிறு, காசிம் பாய் கோஷ்டிக்கு வெள்ளி. எந்த நாளிலும் பாதி ஆட்கள் இருப்பார்கள், கணக்கு கச்சிதம். காசிம் பாய் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தோணி மட்டும் தலையைச் சொறிந்தார்.

"சார், வெள்ளிக்கெழமயும் நாங்க பிசையணுமா?"

"பின்ன? சம்பளம் வாங்கலையா? பிசையுங்க!"

பிசைந்தார்கள். அந்தக் காலத்தில் ரொட்டி மாவு புளிக்கக் கள்தான் ஊற்றுவோம். வெயில் ஏற ஏற மாவும் ஏறியது. "அடுப்புல வைங்கய்யா!" என்று கத்தினேன்.

"யாரு வைக்கறது சார்? எங்களுக்குப் பிசையத்தான் தெரியும்" என்றார் அந்தோணி, வெகு மரியாதையாக.

அடப் பாவி மனுஷா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆட்களை எண்ணினேனே ஒழிய, யாருக்கு என்ன வேலை தெரியும் என்று பார்த்தேனா? மாவு தொட்டியை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தது. நான் பாய்ந்து இரண்டு கையாலும் உள்ளே தள்ளினேன். அது என் தலைமுடி வரை வந்துவிட்டது.

குமாஸ்தாவுக்கும் வெள்ளிதான் விடுமுறை என்பதை நான் மறந்திருந்தேன். வாசலில் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு அவர் நின்றார்.

"இன்னா தம்பி இது? பட்டப்பகல்ல கள்ளு நாத்தம் கொடலப் புடுங்குது!"

"இல்லீங்க... மாவு... மாவுலதான்..." நாக்கு குழறியது. (குடித்தவனுக்கும் அப்படித்தான் குழறும்.) போதாக்குறைக்குக் கால் வழுக்கி அவர் மேலேயே சாய்ந்தேன். அவர் சட்டையை உதறிக்கொண்டு திரும்பி நடந்தார். போச்சு, பெண்ணும் போச்சு, பிழைப்பும் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது வாசலில் மாட்டு வண்டிகள் வந்து நின்றன. காசிம் பாயின் கோஷ்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு, புதுச் சட்டை அத்தரோடு மௌலா அலி மலை தர்காவுக்குப் போகிற வழி. லீவு கொடுத்த புண்ணியவானுக்கு மிட்டாய் கொடுக்க வண்டியைத் திருப்பியிருந்தார்கள். காசிம் பாய் என்னைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், குமாஸ்தாவின் மூக்கைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. ஓடிப் போய் அவரை மறித்தார்.

"பாபு நை பீத்தே ஜி! ஆட்டாச் பீத்தா!"

பாபு (நான்தான்) குடிப்பதில்லை, மாவுதான் குடிக்கும் என்று அர்த்தம். சொல்லிவிட்டுப் புதுச் சட்டையைக் கழற்றி வண்டியில் போட்டு, ஆட்களோடு அடுப்படிக்குப் போனார். பட்டாளத்துக்கு ரொட்டி தாமதமாகப் போனது, கொஞ்சம் புளிப்பாகவும் போனது. ஆனால் போனது.

குமாஸ்தா திரும்பி வந்து, கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொன்னாராம்: "குடிகாரன் இல்ல, அசடுதான். அசடுன்னா பரவால்ல, நம்ம பொண்ணு பாத்துக்குவா."

முதலாளி என்னைக் கணக்கு எழுத உட்காரவைத்து நிரந்தரமாக்கினார். லீவு முறை போடுவதை அந்தோணியிடம் கொடுத்துவிட்டார். கல்யாணமான முதல் வாரமே வீட்டிலும் அந்த வேலை கைமாறியது. "வெள்ளிக்கெழம எனக்கு லீவு. சப்பாத்தி மாவு நீங்க பிசைங்க" என்றாள் என் மனைவி.

இன்றும் பிசைகிறேன். பேரன் என் கையை மோந்து பார்த்து, "ஆட்டாச் பீத்தா!" என்று வீடே கேட்கக் கத்துகிறான். எனக்குத் தெரிந்து ஒரு வாரம்கூடத் தப்பாமல் நடக்கிற முறை இது ஒன்றுதான். நல்லவேளை, அதை நான் போடவில்லை.