முன் அனுமதி இல்லாமல் ஹிட்டான ‘நாளைக்கு வாங்க’

அரசு ஊழியர் ஒருவர் பொதுமக்கள் முன்னால் பேசவோ பாடவோ விரும்பினால், உரிய அதிகாரியிடம் முன் அனுமதி பெற வேண்டும். கலை, இலக்கியத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தக் கலை அரசு அலுவலகத்தைக் கிண்டல் செய்தால் விலக்கு போய்விடும். இந்த விதியை முப்பத்து மூன்று வருடம் பிறருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். கவியரங்கத்துக்குப் போக ஆசைப்பட்ட ஒரு தட்டச்சரிடம், “‘முன்’ என்ற சொல்லைக் கவனித்தீர்களா?” என்று கேட்டு, மனுவைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன்.

2008-இல் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் செல்போன் வைத்திருந்த அத்தனை பேரையும் பிடித்து ஆட்டிய ‘நாளைக்கு வாங்க’ பாட்டைப் பாடிய இருவரில் ஒருவன் அதே நான்தான். (அந்தத் தட்டச்சர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.)

இன்னொருவன் குணசேகரன், என் மனைவி சரோஜாவின் தம்பி. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தான். மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதுதான் அங்கே முக்கிய வியாபாரம். அந்த வருடம் எங்கள் அலுவலகப் பொங்கல் விழாவுக்காக விளையாட்டாய் ஒரு பாட்டு எழுதினேன். காதலன் காதலியிடம் மனுக் கொடுக்கிறான். அவள் அலுவலகப் பாணியில் பதில் சொல்கிறாள்.

“மனசை எழுதி மனுவாக் குடுத்தேன் – நாளைக்கு வாங்க!
முத்திரை குத்தம்மா முத்துமயிலே – நாளைக்கு வாங்க!”

காதலன் நான். காதலி, மீசை வைத்த குணசேகரன். விழாவுக்கு ஒத்திகை பார்ப்பதாகச் சொல்லிக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிட்டான். நடுவில் பரங்கிப்பேட்டை பஸ் அடித்த ஹாரனும் பதிவாகிவிட்டது. (அதுதான் பாட்டின் சிறப்பு அம்சம் என்று பின்னால் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள்.) விழாவில் நேரமில்லாததால் பாட்டைப் பாடவே இல்லை. ஆனால் அவன் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அது இலவச இணைப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பெயர் மட்டும் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். யோசித்து, ‘இரட்டைப் பிரதி குழு’ என்று போட்டிருந்தான்.

மாசியில் அண்ணாமலை நகர் விடுதிகளில் அதுதான் சுப்ரபாதம். பங்குனியில் ஷேர் ஆட்டோக்களில் கேட்டேன். பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து போன் செய்து, “அந்த ஹாரன் உள்ள பாட்டை அனுப்பு தம்பி” என்று குணசேகரனிடம் கேட்டாராம். எனக்கு உள்ளூரப் பெருமைதான். பஸ்ஸில் யாராவது முணுமுணுத்தால், இரண்டாவது வரியில் சுதி தப்புகிறார்களா என்று கவனிப்பேன். என்னைவிடச் சரியாகவே பாடினார்கள்.

மே மாதத் திங்கட்கிழமை ஒன்றில் வந்தது வினை. அன்று எங்கள் அலுவலகத்தில் மனுநாள். அதிகாரிக்குப் பின்னால் கோப்புகளை அணைத்தபடி நின்றிருந்தேன். வடலூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் மனுவைப் புரட்டிய அதிகாரி வழக்கமான குரலில், “நாளைக்கு வாங்க” என்றார்.

பின்வரிசையிலிருந்து யாரோ ராகத்தோடு எடுத்துக் கொடுத்தார்கள். வாசல்வரை வரிசையே சேர்ந்து பாடியது. ஹாரன் வரும் இடத்தில் வடலூர் பெரியவர் வாயால் ஹாரன் அடித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “என்ன பாட்டு இது?”

“தெரியலீங்க சார்.”

“யாரு பாடுனதுன்னு விசாரிங்க.”

எனக்கு ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தது. அந்தக் காலத்தில் அரசு ஊழியனின் கெட்ட கனவு ஒன்றே ஒன்றுதான். கடைசி நாள், மாலையும் சால்வையும் தயாராக இருக்கும்போது, ‘ஓய்வுபெற அனுமதிக்கப்படவில்லை, தற்காலிகப் பணிநீக்கம்’ என்று ஓர் உறை வரும். பிறகு பென்ஷன் விசாரணையில் தொங்கும்.

“கம்முனு இருங்க மாமா” என்றான் குணசேகரன். “நீங்கன்னு யாருக்குத் தெரியும்? உங்க கொரல் உங்களுக்கே அடையாளம் தெரியாது.”

ஊரில் வேறு யாராக இருந்தாலும் கம்மென்று இருந்திருப்பார்கள். எனக்கு விதி தெரியுமே. முன் அனுமதி பெறத் தவறியவர் ‘பின்னேற்பு’ கோரலாம். அதாவது, செய்து முடித்த பிறகு அதற்கு ஒப்புதல் கேட்பது. ‘நான்தான் பாடினேன், பணிந்து வேண்டுகிறேன்’ என்று யாரும் கேட்காமலே வாக்குமூலம் எழுதி, முறையான வழியில் அனுப்பினேன். முறையான வழி என்பது என் பிரிவுதான். மறுநாள் காலை மனு என் மேசைக்கே வந்தது.

சொந்தக் கோப்பைத் தானே பார்க்கக் கூடாது என்பதும் விதி. உதவியாளர் மேரி புஷ்பத்திடம் தள்ளினேன். அவர் சிரிக்காமலே படித்தார்.

“சார், பாட்டு வரி இணைக்கலியே. மூணு காப்பி வேணும்னு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

“எழுதித் தரேன்மா.”

“இந்த ‘முத்துமயிலு’ யாரு சார்? அம்மாவா?”

“கற்பனைம்மா.”

“அப்ப கற்பனைன்னு ஒரு சான்று குடுத்துடுங்க. நாளைக்குக் கேள்வி வரும்.”

கொடுத்தேன். கோப்பு அதிகாரியின் அறைக்குள் போனது. வெளியே வரவில்லை.

ஜூன் கடைசி நாள் வந்தது. சால்வை வந்தது, பாதாம் அல்வா வந்தது. சரோஜா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாலை ஐந்தே காலுக்கு அதிகாரி அறையிலிருந்து அழைப்பு. மேசைமேல் ஓர் உறை.

“உங்க மனுவைப் பாத்தேன்” என்றார். “மூணு காப்பியும் படிச்சேன்.”

“சார்...”

“மேலிடத்துக்குத் தெளிவுரை கேட்டு அனுப்பிட்டேன். காலையிலயே போயிடுச்சு.”

முப்பத்து மூன்று வருட சர்வீஸில் அதைப் போல ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. தெளிவுரைக்குப் போன கோப்பு அவ்வளவு சீக்கிரம் ஊர் திரும்பாது. உறையைத் தள்ளினார். பணிவிடுவிப்பு ஆணை, கையெழுத்தோடு.

“அவுங்க என்ன சொல்லுவாங்க சார்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, காதலியின் குரலில், சுதி சுத்தமாக, “நாளைக்கு வாங்க” என்றார். (குணசேகரனைவிட நன்றாகவே இருந்தது. அவனிடம் சொல்லவில்லை.)

இரட்டைப் பிரதி குழு அத்தோடு கலைந்தது. முதல் பாட்டே கடைசிப் பாட்டு. பென்ஷன் மாதம் தவறாமல் வந்தது. வீட்டில் மட்டும் தண்டனை தொடர்கிறது. இரண்டாவது காபி கேட்டால் சரோஜா அடுப்படியிலிருந்து, “நாளைக்கு வாங்க” என்பாள். கூடத்திலிருந்து பேத்தி ஹாரன் அடிப்பாள்.

பதிலும் வந்தது. ‘மனுதாரர் மேற்படி பாடலைப் பாட அனுமதிக்கப்படுகிறார். அலுவலகப் பணிக்கு இடையூறு நேரக் கூடாது.’ ஓய்வு பெற்று மூன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. விதி தெரிந்தவன் என்ற முறையில், உறையின் மூலையில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்து வைத்தேன்: 14.3.2012, புதன்கிழமை, முற்பகல்.